வெள்ளத்தின் காணியில் வீடு கட்டலாமா?

(வெள்ளவத்தையில் நடைபெற்ற குடியிருப்பாளர் கூட்டமொன்றில், கொட்டாஞ்சேனை அன்பர்களும் வந்திருந்த வேளையில், ஆற்றப்பெற்ற உரை.)



கொழும்பைச் சூழ்ந்துள்ள பாதுகாக்கப்பட்ட தாழ்நிலங்களை நிரப்பி வீடுகளும் விடுதிகளும் எழுப்புவதை எதிர்த்து, அந்தந்த ஊர் மக்கள் பல்லாண்டுகளாகப் போராடி வருகின்றனர். முத்துராஜவெல, பத்தரமுல்லை, தலங்கம, அத்திடிய என்று அவ்விடங்களின் பெயர்களைப் பத்திரிகைகளிலே படிக்கிறோம். படித்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிடுகிறோம். "அது அந்த ஊரவர் வழக்கு, நமக்கிருக்கும் தொல்லைகள் போதாவா?" என்று கேட்போர் நம்மிடையே பலர் உளர். அந்த வழக்கு நம்முடைய வழக்குமாகும் என்பதை எடுத்துரைக்கவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

இதைச் சொல்லும்போது இரண்டு வினாக்கள் எழும். வீடின்றி வாடும் ஏழைக்கு என்ன விடை கூறுவது என்பது ஒன்று. 'பாதுகாக்கப்பட்ட நிலம்' என்ற பெயராலேயே வடக்கிலும் கிழக்கிலும் தன் வயலை இழந்து நிற்கும் உழவனுக்கு என்ன விடை கூறுவது என்பது மற்றொன்று. இவ்விரு வினாக்களையும் மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அவற்றுக்கும் விடை காண முயல்வோம்.

நீர் போகும் வழி

முதலில் நாம் குடியிருக்கும் நகரின் அமைப்பைப் பார்ப்போம். கொட்டாஞ்சேனைக்கு அப்பால், முகத்துவாரமும் மட்டக்குளியும் தாண்டினால் களனி கங்கை கடலோடு கலக்கிறது. தெற்கே வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் கடலில் விழுகின்றன. கோட்டே, கொலன்னாவை, நுகேகொடைப் பக்கங்களிலே பெய்யும் மழை இந்த வழிகளாலேதான் வெளியேற வேண்டும். ஆனால் நிலம் தாழ்ந்தது. கால்வாய்களின் சரிவு சிறிது. கங்கை பெருகி நிற்கும் நாட்களில் அதற்குள் நீரை விடவும் இயலாது. அந்த நேரத்தில் மழைநீர் எங்கே தங்கும்? சதுப்பிலே தங்கும். கங்கை தணிந்து, கால்வாய் இடங்கொடுத்த பின்னர், சிறிது சிறிதாக வெளியேறும்.

இக்கூட்டத்திலுள்ள உழவர்களுக்கு இதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. குளம் தூர்ந்துபோன ஊரிலே வாய்க்காலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் மாரியில் வெள்ளமும் கோடையில் வரட்சியுமே மிஞ்சும் என்பது அவர்கள் அறிந்தது. கொழும்பின் சதுப்புகள் கொழும்பின் குளங்கள். கரை கட்டாத குளங்கள். ஆகையாற்றான் அவை குளமென்று பலருக்குத் தோன்றவில்லை. புல்லும் கோரையும் எருமையும் கொக்கும் நிற்கும் வெறும் நிலமாக அவர்களுக்குத் தோன்றுகிறது. வெறும் நிலம் என்று கண்டவுடன் விலை பேசத் தோன்றுகிறது.

கொழும்பு மாநகரப் பகுதியில் எஞ்சியிருக்கும் ஈரநிலம் ஏறக்குறைய 20 சதுர கிலோமீற்றர் என்று 2016ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஈரநில முகாமைத் திட்டம் கணக்கிட்டது. பெருமழைக் காலத்தில் திரளும் வெள்ளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அளவை இந்த நிலமே தாங்கிக்கொள்கிறது. 2018ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலகில் முதன்முதலாக 18 நகரங்கள் 'ஈரநில நகரம்' எனச் சான்று பெற்றபோது, அவற்றுள் கொழும்பும் ஒன்றாயிற்று. சான்றிதழைப் பெற்றுக்கொண்ட கைகளே மறுபுறத்தில் சதுப்பை நிரப்பவும் இடமளித்தால், அச்சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டுவதிற் பயனென்ன?

வெள்ளத்தின் கணக்கு வேறு. 1992ஆம் ஆண்டு யூன் மாதத்திலே கொழும்பு மூழ்கியது. 2010ஆம் ஆண்டு நவம்பரிலே ஓரிரவில் 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியபோது தியவன்னா ஓயாவின் நடுவிலுள்ள நாடாளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்தது. சதுப்புக்குள் 1982இல் எழுப்பப்பட்ட மன்றம் அது. நாட்டின் சட்டங்களை ஆக்குவோருக்கு நீரின் சட்டம் எதுவென்பதை அந்த மழை வீட்டுக்கே வந்து சொல்லிற்று. 2016 மே மாதத்திலே கொலன்னாவை மக்கள் நாட்கணக்கில் நீருக்குள் கிடந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றபோது, களனிக் கரைவாசிகள் மீண்டும் வீடுவாசலை விட்டு ஓடினர்.

காவலன் காணியை விற்றால்

'அரசாங்கத்தின் காணி, அரசாங்கம் விரும்பியபடி செய்யும்' என்று சிலர் கூறுகின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. எப்பாவல என்னும் ஊரிலே கிடக்கும் பொசுபேற்றுக் கனியத்தை வெளிநாட்டுக் கம்பனியொன்று அகழ்வதற்கு ஒப்பந்தம் ஆயத்தமானபோது, அவ்வூர்வாசிகள் எழுவர் உயர் நீதிமன்றம் சென்றனர். நாட்டின் இயற்கை வளத்துக்கு அரசு உடைமைக்காரன் ஆகாது, மக்களுக்காக அதைப் பொறுப்பேற்ற காவலன் மட்டுமே என்னும் கொள்கையை ஒட்டி 2000ஆம் ஆண்டில் அம்மன்றம் தீர்ப்பளித்தது. முறையான சூழல் ஆய்வு நடவாமல் அத்திட்டம் முன்செல்ல இயலாது போயிற்று. உழுது உண்ணும் ஊரவர் பெற்ற தீர்ப்பு இது.

அடுத்தது, நமது நகரின் வாசலிலேயே நடந்த வழக்கு. பத்தரமுல்லையில் வெள்ளநீர் தேங்குவதற்குரிய தாழ்நிலம் பொதுத் தேவைக்கென்று மக்களிடமிருந்து சுவீகரிக்கப்பட்டது. பொதுத் தேவை என்றால் மறுப்பதெப்படி? மக்கள் விட்டுக்கொடுத்தனர். பின்னர் அந்த நிலம் செல்வர்கள் கோல்ப் விளையாடும் திடலுக்கும் அதைச் சார்ந்த கட்டடங்களுக்குமெனத் தனியாரின் கைக்குப் போயிற்று. 'வாட்டர்ஸ் எட்ஜ்' என்று யாவரும் அறிந்த இடம் அது. குடிமக்கள் இருவர் வழக்குத் தொடுத்தனர். 2008ஆம் ஆண்டு ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்தக் கைமாற்றம் செல்லாது என்று தீர்த்ததோடு, முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அவர்கள் 30 இலட்சம் ரூபா செலுத்த வேண்டுமென்றும் கட்டளையிட்டது. நாட்டின் முதற் பதவியில் இருந்தவரும் பொதுக் காணிக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று நிலைநாட்டியவர்கள் கட்சித் தலைவர்களும் அல்லர், அமைச்சர்களும் அல்லர். மனுவெழுதிக் கையொப்பமிட்ட இரு குடிமக்கள்!

முத்துராஜவெல

களனியின் முகத்துவாரத்துக்கு வடக்கே நீர்கொழும்புக் களப்பு வரை 3,000 ஹெக்டேயருக்கு மேல் விரிந்து கிடப்பது முத்துராஜவெல. 'வெல' என்றால் வயல். கோட்டே அரசர் காலத்திலே நெல் விளைந்த பூமி. பிற்காலத்திலே கால்வாய்களின் வழியாக உவர்நீர் ஏறி விளைச்சல் கெட்டது. 1802க்கும் 1804க்கும் இடையில் ஆங்கிலேயர் வெட்டிய ஹமில்டன் கால்வாயும் அந்த உவரைப் போக்கவில்லை. ஒருமுறை நீரின் ஒழுங்கைக் குலைத்தால் அரசுகள் மூன்று மாறினாலும் அதைச் சீர்செய்ய இயலாது என்பதற்கு அந்த நிலமே சாட்சி.

நெல் போனாலும் அந்த நிலம் பயனற்றுப் போகவில்லை. அங்கே மீன் குஞ்சு பொரிக்கிறது; களப்பிலே இறால் வளர்கிறது; ஜா எல, வத்தளைப் பகுதிகளின் மழை அங்கே அடங்குகிறது. இயற்கைப் பேணலுக்கான சர்வதேச ஒன்றியம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்நிலம் ஆண்டுதோறும் தரும் பயன் 72 கோடி ரூபாவுக்கு மேல். அதிலே மூன்றில் இரண்டு பங்கு வெள்ளத்தைத் தாங்கி நிற்பதனால் மட்டும் வருவது. ஒரு ரூபா சம்பளமும் கேளாமல் வேலை செய்யும் இந்த ஊழியனை நீக்கிவிட்டு, கடன் பட்டு வாங்கிய நீரிறைக்கும் இயந்திரத்தை அவ்விடத்தில் வைப்பது எந்தப் பொருளாதாரத்தில் அடங்கும்?

1996ஆம் ஆண்டில் இச்சதுப்பின் வடபகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் ஓரங்களிலே மண் கொட்டுவது நிற்கவில்லை. 2021ஆம் ஆண்டிலே முத்துராஜவெலக் காணிகளை நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஆளுகைக்குள் கொண்டுவரும் வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. அதை எதிர்த்துக் கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் அவர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினார். அவருடைய பேராலயம் எங்கே இருக்கிறது? கொட்டாஞ்சேனையிலே, புனித லூசியாள் பேராலயம்! அதன் மணியோசை கேட்டு எழும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! முத்துராஜவெல தங்களுக்குத் தொலைவு என்று கொட்டாஞ்சேனை மக்கள் எப்படிக் கூறுவது?

வெள்ளவத்தைக்கு அண்மையிலும் அத்தகைய நிலம் உண்டு. பெல்லன்வில அத்திடியச் சதுப்பு 1990ஆம் ஆண்டிலே சரணாலயமாயிற்று. பரப்பு 372 ஹெக்டேயர். அதன் ஓரங்களும் கையளவு கையளவாகக் குறைந்து வந்திருக்கின்றன. 2007இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட தலங்கமையிலே, 2020ஆம் ஆண்டளவில் அதிவேக வீதித் திட்டத்தை எதிர்த்து ஊர்மக்கள் எழுந்தனர். கடல் கடந்தால் சென்னையிலும் இதுவே கதை. பள்ளிக்கரணைச் சதுப்பு 2022ஆம் ஆண்டில் ராம்சர் நிலமாயிற்று. அதன் எல்லைக்குள்ளேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்ட மாடித் தொகுதிக்கு அனுமதி வழங்கப்பட்டதென்று முறையீடு எழுந்து, 2025 ஒக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2015இன் பெருவெள்ளத்தைக் கண்ட நகரத்திலேயே இவ்வாறு நடந்தது.

ஏழைக்கு என்ன விடை?

இனி முதல் வினாவுக்கு வருவோம். 'வீடு உள்ளவர்கள் தங்கள் சன்னலுக்கு வெளியே பசுமை வேண்டுமென்று, வீடில்லாதவனுக்குக் கதவை அடைக்கிறார்கள்' என்பது எதிர்த்தரப்பாரின் குற்றச்சாட்டு. இது இங்கு மட்டும் எழுந்த குற்றச்சாட்டன்று. இலண்டன் மாநகரைச் சூழப் பசுமை வலயம் வேண்டுமென்று 1938இல் சட்டமியற்றினர். 1944இல் பெரும் இலண்டன் திட்டத்தை வகுத்த பற்றிக் அபர்குரொம்பி என்னும் அறிஞர் அந்த வலயத்துக்கு உருவம் கொடுத்தார். அங்கேயும் இன்றுவரை அந்த வலயத்துள் வீடு கட்டலாமா, கூடாதா என்று ஊருக்கு ஊர் வழக்கு நடக்கிறது. அதே அபர்குரொம்பியே 1940களின் இறுதியில் கொழும்புப் பிரதேசத்துக்கும் திட்டம் வகுத்தவர். நகரம் கண்டபடி பரவாமல், இரத்மலானை, ஹோமாகம, ராகமை ஆகிய இடங்களிலே துணை நகரங்கள் அமைய வேண்டுமென்று அவர் கூறினார். வீடு வேண்டாமென்று அவர் கூறவில்லை. வீட்டுக்குரிய இடத்தைத் தெரிந்து கட்டுங்கள் என்றார். அந்த இரண்டாம் பாதியை மறந்ததுதான் நமது பிழை.

சதுப்பிலே கட்டப்படும் வீடு ஏழைக்கென்று யார் கூறியது? பத்தரமுல்லையிலே ஏழைக்காகவா கோல்ப் திடல் அமைத்தார்கள்? ஏழைக்குச் சதுப்பிலே கிடைப்பது வேறு. வேறெங்கும் காணி வாங்க வழியில்லாதவன் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கிய துண்டொன்றிலே குடிசை போடுகிறான். மழை வந்ததும் முதலில் மூழ்குபவன் அவன். மீதொட்டமுல்லையிலே தாழ்நிலத்திற் குவித்த குப்பைமலை, 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று சரிந்து 30க்கு மேற்பட்டோரைப் புதைத்ததே, அவர்கள் யார்? செல்வரா? மாளிகைவாசிகளா?

மற்றொன்றையும் மறவாதீர்கள். நகரை அழகுபடுத்துகிறோம் என்று கூறி, 2010க்குப் பின் கொம்பனித்தெரு முதலிய இடங்களிலிருந்து ஏழைக் குடும்பங்கள் அகற்றப்பட்டன. அவர்களிலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இருந்தனர். தெமட்டகொடை, வனாத்தமுல்லை மாடிகளிலே அவர்களில் பலர் இன்று வாழ்கின்றனர். அவர்கள் விட்டுச் சென்ற உலர்ந்த, மேடான, நகர் நடுவிலுள்ள காணிகள் யாருக்குப் போயின என்று பாருங்கள். ஏழையை மேட்டிலிருந்து இறக்குவதும், பின்னர் ஏழையின் பெயரைச் சொல்லிப் பள்ளத்தை நிரப்புவதும் ஒரே கையின் வேலைகள். ஆகவே நமது விடை இது: ஏழைக்கு வீடு கட்டுக, நகருக்குள்ளே, மேட்டு நிலத்திலே, தொழிலுக்கும் பள்ளிக்கும் நடந்துபோகும் தூரத்திலே கட்டுக. அவன் அடுத்த மாரியில் இழக்கப்போகும் வீட்டை அவனுக்கு விற்காதீர்கள்.

உழவனுக்கு என்ன விடை?

இரண்டாம் வினா நமக்கு இன்னும் நெருக்கமானது. 'பாதுகாக்கப்பட்ட நிலம்' என்ற சொல்லைக் கேட்டால் கொழும்பிலே மகிழும் நாம், வன்னியிலே அதே சொல்லைக் கேட்டு அஞ்சுகிறோம். போரிலே இடம்பெயர்ந்து, ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது, பற்றை முளைத்திருந்த தம் வயல்களிலே வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்பதைக் கண்ட உழவர் பலர். பெற்றோர் உழுத காணி, ஆளில்லாத காலத்திலே காடாகி, காடானதால் ஒதுக்ககமாகி, ஒதுக்ககமானதால் பிறத்தியார் காணியாகிவிட்டது. அவரிடம் சென்று நாம் 'சரணாலயத்தைக் காப்போம்' என்றால் அவர் நம்மை என்னவென்று கொள்வார்?

2025ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் திகதி வெளியான வர்த்தமானியை நினைவிற் கொள்ளுங்கள். வட மாகாணத்திலே 5,940 ஏக்கர் காணிக்கு, மூன்று மாதத்துள் உரிமையை நிறுவாவிடின் அது அரச காணியாகும் என்றது அந்த அறிவித்தல். இடம்பெயர்ந்தோரிடமும் கடல் கடந்தோரிடமும் மூன்று மாதத்தில் உறுதி கேட்பது எத்தகைய நீதி! எதிர்ப்பு எழுந்தது. வழக்கும் தொடுக்கப்பட்டது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கம் அந்த அறிவித்தலை மீளப்பெற்றது.

இவ்விரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பாருங்கள். வன்னியிலே ஒரு வர்த்தமானி உழவனைக் கேளாமல் அவன் காணியை எடுக்க வருகிறது. முத்துராஜவெலவிலே ஒரு வர்த்தமானி மீனவனையும் ஊரவரையும் கேளாமல் அவர்களுடைய சதுப்பின் ஆளுகையை மாற்ற வருகிறது. எடுப்பதும் கொடுப்பதும் வேறுவேறாகத் தோன்றினும் நோய் ஒன்றே: அந்த நிலத்தோடு வாழ்பவனைக் கேளாமல் தலைநகரின் மேசையிலே கோடு கிழிப்பது. ஆகையால் நமது கோரிக்கையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். எந்த நிலத்தைப் பாதுகாக்கப்பட்டதென்று அறிவிப்பதாயினும், அந்த அறிவித்தலை நீக்குவதாயினும், அங்கே வாழ்வோரை அவர்களுடைய மொழியிலே கேட்டு, உரிமையை ஆராய்ந்து, காரணத்தை வெளியிட்ட பின்னரே செய்ய வேண்டும்.

இந்த அளவுகோலை நம்மவர் மேலும் வைக்க வேண்டும். 2025 செப்ரெம்பரிலே மண்டைதீவில் துடுப்பாட்ட மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, அது ஈரநிலமென்று சூழல் ஆர்வலர் எதிர்த்தனர். யாழ்ப்பாணத்துக்கு ஒரு பெரிய மைதானம் வேண்டுமென்னும் ஆசை நமக்கும் உண்டு. அதற்காக ஆய்வைக் கேட்பவரை அபிவிருத்தியின் பகைவரென்று ஏசினால், பத்தரமுல்லையின் கோல்ப் திடலைக் கண்டிக்க நமக்கு வாயில்லை.

நாம் செய்ய வேண்டியது

கூட்டம் கூடிக் கைதட்டிக் கலைந்தால் சதுப்பு தப்பாது. செய்யத்தக்கவை சில உள.

நான்கு ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்புவதற்குச் சூழல் அனுமதி வேண்டும். பெருந்திட்டமொன்றின் சூழல் தாக்க அறிக்கை ஆயத்தமானால், அதுபற்றிய அறிவித்தல் வர்த்தமானியிலும் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளிலும் வெளிவர வேண்டும். 30 நாட்கள் பொதுமக்கள் கருத்துரைக்கலாம். அந்த முப்பது நாட்களிலே தமிழிலே எத்தனை கடிதங்கள் போகின்றன? நம்மிடையே பொறியியலாளர் உண்டு, நில அளவையாளர் உண்டு, வழக்கறிஞர் உண்டு, வைத்தியர் உண்டு. மாதத்தில் ஓரிரவு அறிக்கையொன்றைப் படித்து, பிழையைச் சுட்டி எழுத அவர்களால் முடியாதா? நிரப்புகிறவர்கள் நான்கு ஹெக்டேயருக்குக் குறைவாகத் துண்டு துண்டாகவே நிரப்புவர்; அதைக் கண்டுபிடிக்க நில அளவையாளரின் கண் வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. அனுமதிக் கடிதத்தின் பிரதியைக் கேட்டுப் பெறுங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவதைத் தடுக்கிறது. அது பொலன்னறுவைக்கு மட்டுமுரிய சட்டமன்று, கொழும்பின் வயலுக்கும் உரியது.

கடைசியாக, நமது சொந்தப் பணத்தைப் பற்றியும் ஒரு சொல். 1983க்குப் பின்னும் போர்க்காலத்திலும் ஊரை விட்டு வந்த நம்மவர் இந்த வெள்ளவத்தையிலே மாடிமேல் மாடியாக வீடு வாங்கினர். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் பணம் இன்றும் நகரின் ஓரங்களிலே காணி தேடுகிறது. விளம்பரத்தில் நீரோடையும் நாரையும் காட்டி விற்கிறார்கள். வாங்குமுன் கேளுங்கள்: இந்தக் காணி முன்னர் வயலா, சதுப்பா? நிரப்ப அனுமதித்தவர் யார்? 2010இலும் 2016இலும் இங்கே நீர் எவ்வளவு நின்றது? பக்கத்து வீட்டுச் சிங்களக் கிழவியைக் கேட்டால் சுவரிலே கையை வைத்துக் காட்டுவார். உறுதியைப் பார்க்குமுன் அந்தச் சுவரைப் பாருங்கள். வாங்குவோர் மறுத்தால் நிரப்புவோருக்கு இலாபமில்லை.

சொந்த மண்ணை இழப்பது என்னவென்று நம்மைவிட அறிந்தவர் இந்நாட்டிலே யார்? அதை அறிந்த நாம், முத்துராஜவெல மீனவனும் அத்திடிய ஊரவரும் தம் நிலத்துக்காகக் கையொப்பம் திரட்டும்போது, அந்தத் தாளிலே தமிழ்க் கையொப்பம் ஒன்றேனும் இல்லாதிருந்தால் அது நமக்கு இழுக்கு. நாளை வன்னி உழவனின் காணிக்காக அவர்களிடம் கையொப்பம் கேட்கச் செல்லவேண்டியவர்கள் நாம். இன்று அவர்களுடைய தாளில் நம் பெயரை எழுதுவோம்.